வழிதவறி வந்த கடற்பறவையை வட்டாரப் பட்டியலில் ஏற்றுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: புயல் ஓய்ந்த மறுநாள் காலை கடற்கரையில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு ஷியர்வாட்டர், அதாவது நீண்ட இறக்கையுள்ள ஒரு கடற்பறவை, உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, காற்றை எதிர்த்து ஓடி எழும்பிக் கடல் பக்கம் பறந்துவிட்டது. கையில் சில போட்டோக்களும் ஒரு குட்டி வீடியோவும் இருக்கின்றன. பார்த்தவர்கள் ஷார்ட்-டெய்ல்ட் ஷியர்வாட்டர் என்கிறார்கள். அந்த இனம் உங்கள் வட்டாரப் பறவைப் பட்டியலில் இதுவரை இல்லை. அதைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும், யாருக்கு எதை அனுப்ப வேண்டும்?

முதலில், இன்றே செய்ய வேண்டியது ஒன்று. வேறு எதையும் படிப்பதற்கு முன்னால் பார்த்ததை அப்படியே எழுதி வையுங்கள். நாள், நேரம், ஜிபிஎஸ் புள்ளி, பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தத் திசை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், பைனாகுலரா வெறும் கண்ணா, கூட யார் இருந்தார்கள். அப்புறம் பறவையின் உருவம்: தலை, அலகு, முதுகு, வயிறு, இறக்கையின் மேல்புறம், கீழ்ப்புறம், வால், கால். கையேட்டைப் புரட்டிவிட்டால் அதிலுள்ள படம் நம் நினைவோடு கலந்துவிடும். பார்க்காத ஒன்றையும் பார்த்ததாக மனம் நம்பத் தொடங்கும். ஏற்கெனவே புரட்டிவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை. எந்த வரி அன்றே எழுதியது, எந்த வரி படம் பார்த்த பிறகு சேர்த்தது என்று பிரித்துக் குறிப்பிடுங்கள். பதிவுகளைப் பரிசீலிப்பவர்களுக்கு அந்தப் பிரிப்பு மிகவும் உதவும். கூட இருந்தவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கூடிப் பேசி ஒன்றாக எழுத வேண்டாம். நேர்மையான இரண்டு குறிப்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன முரண்கள் இருக்கும். வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் படிப்பவருக்குக் கேள்வி எழும்.

தெரியாததையும் எழுதுங்கள். "கால் நிறம் மணலில் மறைந்திருந்ததால் தெரியவில்லை" என்பது பயனுள்ள வரி. கால் நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டால், நீங்கள் பார்க்கத் தவறினீர்களா, பார்த்தும் எழுதவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

இந்த வேலையில் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பறவைக்குப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஆதாரத்தை, அங்கே நின்ற நீங்கள் மட்டும்தான் கொடுக்க முடியும். உங்கள் பதிவை இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, உங்களை யாரென்றே அறியாத ஒருவர் எடுத்துப் படிப்பார். அன்றைக்கு அந்த இனமே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் விட்டுச்சென்றதை வைத்து, உங்கள் முடிவுக்கு மாறான முடிவுக்கும் அவரால் வர முடிய வேண்டும். அப்படி இருந்தால்தான் அது நல்ல பதிவு.

கடற்பறவைகள் விஷயத்தில் இப்படி நிஜமாகவே நடந்திருக்கிறது. பசிபிக்கின் மிட்வே தீவில் 1963-ல் ஒரு சின்ன ஷியர்வாட்டர் கிடைத்தது. லிட்டில் ஷியர்வாட்டர் என்று பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பிறகு அளவுகளையும் டிஎன்ஏவையும் பார்த்தபோது அது அறிவியலுக்கே புதிய இனம் என்று தெரிந்தது. 2011-ல் பிரையன்ஸ் ஷியர்வாட்டர் என்ற பெயரில் அதை விவரித்தார்கள். அடுத்த வருஷமே, ஜப்பானின் ஓகசவாரா தீவுகளில் முன்பு கிடைத்துப் பாதுகாத்து வைத்திருந்த உடல்களும் அதே இனம்தான் என்று டிஎன்ஏ காட்டியது. 1963-ல் கிடைத்த பறவையை எழுத்தில் மட்டும் பதிந்திருந்தால் அது இன்றும் லிட்டில் ஷியர்வாட்டராகவே இருந்திருக்கும்.

நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல் என்ற சின்னக் கடற்பறவையின் கதை போட்டோவின் வலிமையைக் காட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த மூன்று உடல்கள் மட்டுமே இருந்தன. அழிந்துபோன இனம் என்றே எண்ணியிருந்தார்கள். 2003-ல் நியூசிலாந்தின் வட தீவுக்கு அப்பால் படகிலிருந்து எடுத்த படங்களில், வெள்ளை வயிற்றில் கோடுகள் உள்ள ஸ்டார்ம் பெட்ரல்கள் பதிவாகின. அந்தப் படங்களைப் பழைய உடல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இனம் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 2013-ல் லிட்டில் பேரியர் தீவில் அதன் கூடுகளையும் கண்டுபிடித்தார்கள்.

சரி, உங்கள் பறவைக்கு வருவோம். கரும்பழுப்பு ஷியர்வாட்டர் என்பது பறவை நோக்கும் உலகின் கடினமான மூலைகளில் ஒன்று. "ஷார்ட்-டெய்ல்ட் போல இருந்தது" என்பதற்கான காரணங்களை மட்டும் அடுக்கினால் போதாது. ஒத்த உருவமுள்ள மற்ற ஒவ்வொன்றும் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். நான் பார்த்தவரை, நல்ல பதிவுகள்கூட ஏற்கப்படாமல் போவது பெரும்பாலும் இந்தப் பகுதி இல்லாததால்தான்.

உங்கள் பறவைக்கு அந்த வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். வெட்ஜ்-டெய்ல்ட் ஷியர்வாட்டருக்கு முழுக்கக் கரும்பழுப்பான வடிவமும் உண்டு. ஆனால் வால் நீளமாக ஆப்பு வடிவில் இருக்கும், கால் வெளிர் இளஞ்சிவப்பு, அலகு மெலிந்தது. ஃபிளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர் பெரியது, அகலமான இறக்கை, இளஞ்சிவப்பு அலகின் நுனி மட்டும் கருமை. இதைத் தூரத்திலிருந்தே விலக்கிவிடலாம். ஷியர்வாட்டருக்கு உறவான புல்வர்ஸ் பெட்ரலும் ஜுவானின்ஸ் பெட்ரலும் நீண்ட வால் உள்ளவை; அலகின் வடிவமும் பறக்கும் விதமும் வேறு. இவற்றையெல்லாம் ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

உண்மையான சிக்கல் சூட்டி ஷியர்வாட்டர்தான். அதற்கும் கால் கருமை, அலகும் கருமை. சூட்டியின் இறக்கைக் கீழ்ப்புறத்தில் வெள்ளிபோல் ஒரு பளிச்சிடல் இருக்கும் என்று கையேடுகள் சொல்கின்றன. ஷார்ட்-டெய்ல்டுக்கு அந்த இடம் பெரும்பாலும் மங்கிய சாம்பல். ஆனால் ஷார்ட்-டெய்ல்டிலும் வெளிறிய கீழ்ப்புறம் உள்ளவை இருக்கின்றன. அதோடு வெயில் சாய்வாக விழுந்தால் எந்தக் கரும் இறக்கையும் வெள்ளியாகத் தெரியும். அதனால் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். தலையையும் அலகையும் பாருங்கள். ஷார்ட்-டெய்ல்டுக்கு நெற்றி செங்குத்தாக எழும்பித் தலை உருண்டையாகத் தெரியும், அலகு குட்டை. சூட்டிக்கு நெற்றி சரிந்து அலகோடு சேரும், அலகு நீளம். அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு விகிதமாகக் கணக்கிடுவது நல்ல வழி. உங்கள் பறவை மணலில் உட்கார்ந்திருந்தது பெரிய வாய்ப்பு. சரியாகப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று இருந்தால் அதை அளந்துவிடலாம். தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலும் விகிதம் மாறிவிடும். பக்கவாட்டில் விழுந்த படம் எது, திரும்பியிருக்கும் படம் எது என்று சொல்லி அனுப்புங்கள். வீடியோவில் பறவை விலகிப் போகும் இடத்தில் வாலுக்குப் பின்னால் பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஷார்ட்-டெய்ல்டில் அது அடிக்கடி தெரியும் அடையாளம்.

போட்டோக்களைப் பற்றி. கேமராவில் இருக்கும் மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்து வையுங்கள். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா கோப்பு இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம், இடம் போன்ற உள்தகவல்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும், தரமும் குறைந்திருக்கும். கேமரா கடிகாரம் எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்று சரிபார்த்து எழுதுங்கள். வெட்டிப் பெரிதாக்கிய படத்தோடு வெட்டாத முழுப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பின்னணியில் தெரியும் கரை இடத்தை உறுதி செய்யும். ஏஐ மூலம் கூர்மையாக்கும் மென்பொருளில் போட்டு எடுத்த படத்தை ஆதாரமாக அனுப்பவே வேண்டாம். இறகின் ஓரத்தையும் அலகின் மூக்குத்துளையையும் அந்த மென்பொருள் தானே கற்பனை செய்து வரைந்துவிடும். அடையாளம் அந்த நுணுக்கங்களில்தான் இருக்கிறது. ஒதுக்கி வைத்த மங்கலான படங்களையும் அனுப்புங்கள். அழகான ஒற்றைப் படத்தைவிட, வெவ்வேறு வெளிச்சத்தில் இறக்கை விரித்தும் மடக்கியும் இருக்கும் பத்து சுமாரான படங்கள் எனக்கு மேல். ஒரு படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இறக்கை அடுத்த படத்தில் சாம்பலாக இருந்தால், அது வெளிச்சத்தின் வேலை என்று அங்கேயே தெளிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை: இறகுதிர்ப்பு. இறக்கையின் வெளிச்சிறகுகளில் இடைவெளி இருக்கிறதா, புதிய சிறகு பாதி வளர்ந்து நிற்கிறதா, ஓரங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தென்கோளத்தில் கூடு கட்டும் பறவையும் வடகோளத்தில் கூடு கட்டும் பறவையும் வருஷத்தின் வெவ்வேறு காலங்களில் சிறகு மாற்றுகின்றன. வட அட்லாண்டிக்கில் கோடைகாலத்தில் பார்க்கும் வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல் பல சமயம் சிறகுதிர்ப்பின் நடுவில் இருக்கும். அதே கடலில் கூடு கட்டும் லீச்சஸ் ஸ்டார்ம் பெட்ரல் அந்த வேலையைப் பெரும்பாலும் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கும். இனத்தை இது மட்டும் முடிவு செய்யாது, வயதைச் சொல்லும். வயது தெரிந்தால் அந்தப் பறவை அந்த மாதத்தில் அங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். புயலில் ஒதுங்குபவற்றில் கூட்டிலிருந்து அப்போதுதான் கிளம்பிய இளம்பறவைகளும் நிறைய.

உங்கள் பறவை பறந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் புயலுக்குப் பிறகு அடுத்தடுத்த நாட்களிலும் கரையில் நடந்து பாருங்கள். ஒன்று ஒதுங்கிய இடத்தில் இன்னும் சில ஒதுங்கியிருக்கலாம், செத்தும் கிடக்கலாம். உயிரோடு சோர்ந்து கிடப்பதைப் பார்த்தால் பதிவைவிடப் பறவைதான் முக்கியம். ஷியர்வாட்டர், பெட்ரல்களுக்குக் கால்கள் உடலின் பின்பகுதியில் இருப்பதால் நிலத்தில் நிமிர்ந்து நிற்கவே சிரமப்படும். அதைப் பார்த்துக் கால் உடைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வானத்தை நோக்கித் தூக்கி எறியவோ, அலையில் கொண்டுபோய் விடவோ கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது. காற்றோட்டமுள்ள இருட்டான அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ சொல்லுங்கள். பெட்டியில் வைக்கும்போது முடிந்தால் அலகின் பக்கவாட்டுப் படம், விரித்த இறக்கையின் மேலும் கீழும், கால், இவ்வளவு போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் வைத்திருக்காதீர்கள்.

செத்துக் கிடப்பதை வெறுங்கையால் தொடாதீர்கள். 2022-ல் எச்5என்1 பறவைக்காய்ச்சல் கேனட், கிரேட் ஸ்குவா ஆகிய கடற்பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அந்த அபாயம் இன்னும் தீரவில்லை. பல நாடுகளில் செத்த காட்டுப்பறவையை எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியோடு எடுக்க முடிந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைப் படமெடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து அலகு நீளம், அலகின் தடிப்பு, இறக்கை, வால், கால் எலும்பு எல்லாவற்றையும் படத்தோடு பதியுங்கள். வெளிச்சத்தில் ஏமாற்றும் சூட்டியும் ஷார்ட்-டெய்ல்டும் இங்கே பிரிந்துவிடும்: ஷார்ட்-டெய்ல்டின் அலகு பெரும்பாலும் 35 மில்லிமீட்டருக்குக் குறைவு, சூட்டியின் அலகு பெரும்பாலும் 37-க்கு மேல். எடையை இன அடையாளத்துக்கு நம்ப வேண்டாம். பட்டினியில் செத்த பறவை தன் எடையில் பெரும்பகுதியை இழந்திருக்கும். பிறகு உடலைக் குளிரில் உறைய வைத்து, கிடைத்த இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் எழுதிய சீட்டை உடலோடு கட்டி அருங்காட்சியகத்துக்குச் சேர்ப்பியுங்கள்.

அந்தச் சீட்டு ஏன் முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் விவகாரமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1930 வரை அந்த ஊரைச் சுற்றி நம்பமுடியாத எண்ணிக்கையில் அரிய பறவைகள் சுடப்பட்டதாகப் பதிவானது. உடல்கள் எல்லாம் அசல் பறவைகள்தான், இனத்தில் தவறில்லை. அவை அங்கேதான் கிடைத்தன என்பதற்குத்தான் நம்பகமான சான்று இல்லை. 1962-ல் பதிவுகளை மொத்தமாகப் புள்ளியியல் முறையில் அலசி, பெரும் பகுதியைப் பிரிட்டிஷ் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நீங்கள் அனுப்பும் படத்தின் நேரத்தையும் இடத்தையும் பட்டியலைப் பராமரிக்கும் பதிவுக் குழு இவ்வளவு துருவிக் கேட்பது உங்களைச் சந்தேகித்து அல்ல. பட்டியலுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

அப்புறம் எல்லை. வட்டாரப் பட்டியல் கடலில் எங்கே முடிகிறது என்று முதலிலேயே கேளுங்கள். சில பட்டியல்கள் கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும். சில, 200 கடல்மைல் பொருளாதார மண்டலம் முழுவதையும் சேர்க்கும். உங்கள் பறவை கரையிலேயே இருந்ததால் இந்தப் பிரச்சினை இல்லை. படகில் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஜிபிஎஸ் தடம் இல்லாமல் பதிவே இல்லை.

பறவை தானாக வந்ததா என்ற கேள்வியும் எழும். பூபி என்ற கடற்பறவைகள் கப்பலில் உட்கார்ந்து நெடுந்தூரம் பயணிப்பது சாதாரணம். அடைத்து வைக்காமல், உணவூட்டாமல் தானாக வந்து உட்கார்ந்த பறவையைப் பல குழுக்கள் இயற்கை வருகையாகவே ஏற்கின்றன. சில குழுக்கள் ஏற்பதில்லை. ஐரோப்பாவில் பரவலாக உள்ள முறையில் 1950 தொடக்கத்திலிருந்து இயற்கை நிலையில் பதிவானவை 'ஏ' பிரிவு, அதற்கு முன்பு மட்டும் பதிவானவை 'பி', இயற்கையாக வந்ததா என்று தெளிவில்லாதவை 'டி'. உங்கள் விஷயத்தில் புயலின் பாதை நல்ல துணை ஆதாரம். வானிலை மையத்தின் பாதை வரைபடத்தை எடுத்து வையுங்கள். அதே நாட்களில் பக்கத்துக் கரைகளில் என்னென்ன கடற்பறவைகள் ஒதுங்கின என்று சேர்த்து எழுதுங்கள். ஆனால் இது எப்படி வந்தது என்பதற்கான விளக்கம் மட்டுமே. எந்த இனம் என்பதற்குச் சான்றாகாது. "புயல் அந்தத் திசையிலிருந்து வந்தது, அதனால் இந்த இனம்" என்று வாதிட வேண்டாம்.

எங்கே அனுப்புவது? பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் பதிவிடுங்கள், மூலப் படங்களோடு, சரியான புள்ளியில், பலரும் பதிவிடும் பொதுவான இடமான ஹாட்ஸ்பாட்டில் தூக்கிப் போடாமல். ஆனால் இபேர்ட் மதிப்பாய்வாளர் ஒப்புக்கொண்டால் வட்டாரப் பட்டியலில் ஏறிவிட்டதாக அர்த்தம் இல்லை. பட்டியலைப் பராமரிக்கும் பதிவுக் குழு வேறு. அதற்குத் தனியாக அனுப்ப வேண்டும். அப்படி ஒரு குழு இல்லாத வட்டாரங்களில், பறவையியல் இதழில் படங்களோடு ஒரு குறுங்கட்டுரை வெளியிடுவதுதான் வழி. பட்டியலைத் தொகுப்பவர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். குழு இருந்தால், உறுப்பினர்கள் தனித்தனியாக வாக்களிப்பது வழக்கம். பிரிட்டனில் 1959-ல் தொடங்கிய அரிய பறவைகள் குழுவில் பத்துப் பேர் வாக்களிக்கிறார்கள். வட்டாரத்துக்கே முதல் பதிவு என்றால் அளவுகோல் இன்னும் உயரும். படமோ உடலோ இல்லாமல் முதல் பதிவை ஏற்காத குழுக்களும் உண்டு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம். நடுவில் வெளிநாட்டுக் கடற்பறவை வல்லுநர் ஒருவரிடம் படங்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். நீங்களே முன்கூட்டிக் கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தையும் முழுசாகச் சேருங்கள். உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள்.

வரும் வருஷங்களிலும் அதே கரையில் அதே இனத்தைப் பார்க்க நேர்ந்தால், அது அதே பறவையா என்றும் யோசியுங்கள். கடற்பறவைகள் நீண்ட காலம் வாழ்பவை; வழிதவறிய இடத்துக்கே திரும்பித் திரும்பி வருவதும் உண்டு. ஃபாரோ தீவுகளின் மிகினெஸில் ஒரு பிளாக்-பிரவுட் ஆல்பட்ராஸ் 1860 முதல் 1894-ல் சுடப்படும்வரை கேனட் கூட்டத்தோடு வாழ்ந்தது. முப்பத்து நான்கு வருஷம், ஒரே பறவை. பட்டியலில் அது ஒரு பதிவுதான்.

முடிவு "நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தால், நீங்கள் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. சூட்டியை முழுக்க விலக்கக் கைவசமுள்ள ஆதாரம் போதவில்லை என்பதே அதன் பொருள். அந்த நிலையில் 'ஷார்ட்-டெய்ல்ட் அல்லது சூட்டி' என்று பதிவது முழு மதிப்புள்ள பதிவு. அதையே குழுவிடம் கேட்டு வாங்குங்கள். புதிய அடையாளம் ஏதேனும் கண்டறியப்பட்டால் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். பல குழுக்கள் அதற்கு இடம் வைத்திருக்கின்றன. அதனால் மூலக் கோப்புகளின் ஒரு பிரதியைக் குழுவின் காப்பகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வேறு இடத்தில் வையுங்கள். பக்கவாட்டுப் படம் எது என்று தெரிந்ததும் அதன் எண்ணை எனக்கு எழுதுங்கள். அலகு விகிதத்தைச் சேர்ந்தே அளந்து பார்க்கலாம்.